அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு

ஒன்பது ஆட்டங்கள். எட்டில் தோல்வி, ஒன்றில் சமன். அடித்தது 4 கோல், வாங்கியது 27. 2011ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிந்த எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் கணக்கு இது. நான் அந்த அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் கை கால் சுகத்தோடு இருந்தவரை எனக்குக் கோட்டுக்கு வெளியேதான் இடம். சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல் ஒரு நோட்டில் ஆட்டக் கணக்கு எழுதினேன். எத்தனையாவது நிமிடத்தில் கோல், யார் அடித்தது, யாருக்குப் பதிலாக யார் இறங்கியது. அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டு அது. முதல் சில பக்கங்களில் புளி, வெல்லம், சீயக்காய் என்று அப்பாவின் கையெழுத்து போகும். பிறகு என் கையெழுத்தில் கோல்கள் வரும்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். ஒரு சொல்லுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது ஆட்டத்தில் 0-5 என்று தோற்ற அன்று, எங்கள் பி.டி. சார் மைதானத்து ஓரப் புளியமரத்தடியில் எல்லோரையும் நிற்கவைத்தார். "உங்கள் யாருக்கும் திறமையில் குறைச்சல் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்கிற வெறிதான் இல்லை" என்றார். யாரும் தலை நிமிரவில்லை. அடுத்த வாரத்துக்குள் அந்தச் சொல் கல்லூரி முழுவதும் பரவிவிட்டது. கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் சொன்னார். கபடி அணிக்காரர்கள் சொன்னார்கள். ஊரில் என் அப்பாரு, கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட வாழ்நாளில் பார்க்காதவர், "உங்களுக்கு வெறி பத்தவில்லை கண்ணு" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நானும் அதை நம்பினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

எங்கள் கல்லூரி திருப்பூருக்குத் தெற்கே, காற்றாலைகள் சுற்றுகிற மேட்டு நிலத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் கபடிக்கும் கைப்பந்துக்கும் பேர் போன பக்கம். ஊருக்கு ஊர் கோயில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியிருப்பார்கள். பொங்கலுக்குக் கபடி வைக்காத ஊர் கிடையாது. கால்பந்து எங்களுக்கு மேற்கேயிருந்தும் மலையிலிருந்தும் வந்தது. பாலக்காட்டுப் பையன்கள் விடுதியில் சேரும்போது பூட்ஸோடு வந்தார்கள். வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் பூட்ஸ் இல்லாமலேயே ஆடிப் பழகியவர்கள். கல்லூரியில் கைப்பந்துக்குச் சிமெண்ட் தளமும் விளக்கும் இருந்தன. எங்களுக்குச் செம்மண் திடல், குழாயில் செய்த இரண்டு கோல்போஸ்ட், சாயம் போன மூன்று பந்து. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கைப்பந்து அணி கோப்பை கொண்டுவந்தது, அதற்குச் செய்தார்கள். நியாயம்தான்.

ஆனால் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுகிற காற்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து நிற்கிற இடம் அது. அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகளை நட்டார்கள். எங்கள் திடல் கிழக்கு மேற்காகப் போடப்பட்டிருந்தது. மேற்கே பார்த்து கோல் கிக் அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. உயரப் போய், நின்று, திரும்பி நம் தலைக்கே வரும். கிழக்கே பார்த்து அடித்தால் எதிரணி கோல்போஸ்ட்டைத் தாண்டி சோளக்காட்டுக்குள் விழும். அந்த மூன்று மாதங்களும் எங்களுக்குப் பந்தைத் தரையோடு ஆடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. முதல் ஒரு மணி நேரம் நாங்கள் அழகாக ஆடினோம். பார்த்தவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

2019ஆம் ஆண்டு மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கத்தில் சென்னை சிட்டி அணிக்கு, இந்தியக் கிளப் அணிகளுக்கான ஐ-லீக் போட்டியின் கடைசி ஆட்டம். அந்த அணி பெயரில்தான் சென்னை. சொந்த மைதானமாக வைத்து ஆடியது எங்கள் கோவையில். அன்றைக்கு ஜெயித்தால் கோப்பை. ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் நின்றுகொண்டிருந்தது. எதிரே மினர்வா பஞ்சாப். ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. என் பக்கத்தில் எங்கள் பழைய முதல் கோல்கீப்பர் உட்கார்ந்திருந்தான். கால் மாற்றிக் கால் போட்டபடி, "இரண்டாம் பாதியில் பார்" என்றான். அவன் சொன்னபடியே ஆயிற்று. பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. 3-1. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. கோவையில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அப்படி ஒரு சத்தம் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

திரும்பி வரும்போது சூலூர் தாண்டி பஸ் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "மூன்று கோலும் இரண்டாம் பாதியில். நாம் தோற்றதெல்லாம் இரண்டாம் பாதியில்தானே" என்றான் அவன். கோல் வாங்கியவன் அவன். அவனுக்கு அது உடம்பில் ஞாபகம் இருந்தது. எனக்கு நோட்டில் இருந்தது.

அன்று இரவே நோட்டை எடுத்தேன். பென்சிலால் ஒவ்வொரு கோலுக்கும் பக்கத்தில் குறி போட்டுக்கொண்டே வந்தேன். 27 கோலில் 18 கோல் அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு விழுந்திருந்தன. ஐந்து ஆட்டங்களில் அறுபதாவது நிமிடம் வரை 0-0 அல்லது 1-1. முதல் ஆட்டத்தில் 63, 74, 86. எட்டு வருடம் அந்த எண்கள் என் அலமாரியில் கிடந்தன. எழுதிய நானே அவற்றை ஒருமுறைகூடக் கூட்டிப் பார்த்திருக்கவில்லை.

வெறி இல்லாதவனால் அறுபது நிமிடம் அப்படி ஆட முடியுமா? ஒருவனுக்கு வெறி இருக்கிறது என்றால் ஐந்து மணிக்கு இருந்துவிட்டு ஆறு மணிக்குத் தீர்ந்துபோகுமா? தீர்ந்துபோவது வேறொன்று.

எங்கள் தடுப்பாட்ட வரிசையில் நான்கு பேர். இடது பக்கத்தில் சோமனூர்க்காரன். நடுவில் கேப்டன், பல்லடத்துக்காரன். அவனோடு ஒரு பாலக்காட்டுப் பையன். வலது பக்கத்தில் ஒரத்துப்பாளையம் பக்கத்துப் பையன். அவர்களுக்கு முன்னால், வரிசையைக் காக்கிற நடு ஆட்டக்காரன் திருப்பூர்க்காரன். இந்த ஐவரில் பாலக்காட்டுப் பையனைத் தவிர மற்ற நால்வரும் இரவில் வேலை செய்தார்கள்.

சோமனூர்க்காரன் வீட்டில் கூலிக்கு ஓடுகிற விசைத்தறிகள். அந்த வருடம் மின்வெட்டு எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. பகலில் நின்ற தறியை இரவில் ஓட்டித்தான் பாவை, அதாவது தறியில் ஏற்றிய நூலை, நெய்து தீர்க்க வேண்டும். அப்பாவும் மகனும் முறை வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு இரவு பத்து வரை, மகனுக்கு அதற்குப் பிறகு. கேப்டன் கறிக்கோழிப் பண்ணைகளில் லோடு ஏற்றப் போவான். பல்லடம் பக்கம் கறிக்கோழிதான் பெரிய தொழில். கோழியைப் பகலில் பிடித்தால் மிரண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும் என்று இரவில்தான் பிடிப்பார்கள். கைக்கு நாலைந்து கோழியாகக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டில் அடைக்க வேண்டும். அவன் முன்கையில் எப்போதும் கீறல் இருக்கும். விளையாட்டில் பட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மற்ற இருவரின் கதையைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டன. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். எங்கள் நடு ஆட்டக்காரனின் அப்பா ஒரு பட்டறையில் சாயத் தொட்டியில் இருபது வருடம் நின்றவர். ஒரே நாளில் வேலை போயிற்று. மகன் மாலையில் கல்லூரி விட்டதும் பனியன் கம்பெனிக்குப் போய்ப் பேக்கிங்கில் ஏறினான். ஐந்தரைக்கு ஏறினால் இரவு ஒரு மணி. ஷிப்மென்ட் இருந்தால் விடியும். வலது பக்கத்துப் பையனோ நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருப்பவன். 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுத் தண்ணீர் வந்து தேங்கி, சுற்று வட்டாரக் கிணறெல்லாம் உப்பாகிப் போன ஊர். அவர்கள் தோட்டத்தில் தென்னை மட்டை தொங்கி, குரும்பை உதிர்ந்து, கடைசியில் தோட்டத்தைப் போட்டுவிட்டு திருப்பூருக்கு வந்தார்கள். அவன் ஒரு பெட்ரோல் பங்கில் இரவு நேரத்தில் நின்றான்.

ஒருவன் வீட்டுச் சோறு போனது பட்டறை மூடியதால். இன்னொருவன் வீட்டுச் சோறு போனது பட்டறை ஓடியதால். இருவரும் ஒரே பையில் பூட்ஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி அவர்களுக்குள் ஒருமுறை பேச்சு வந்ததைக் கேட்டிருக்கிறேன். பஸ் நொய்யல் பாலத்தின் மேல் போகும்போது திருப்பூர்க்காரன் எட்டிப் பார்த்து, "இப்போது தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது பார்" என்றான். மற்றவன் "ம்" என்றான். அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தில் வலது பக்கம் பந்து போய்விட்டால் திருப்பூர்க்காரன் ஓடி வந்து அடைப்பதைப் போல வேறு யாருக்கும் அவன் ஓடி வந்ததில்லை.

எங்கள் பயிற்சி நேரம் காலை ஆறு மணி. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வீடு திரும்புகிறவர்கள் காலை ஆறு மணிக்குத் திடலில் நின்றார்கள். ஒரு நாள் தவறினால் பத்துச் சுற்று ஓட வேண்டும். தோற்கத் தோற்க, பயிற்சியை ஐந்தரைக்கு முன்னே தள்ளினார்கள். இன்னும் அரை மணி நேரம் தூக்கம் போயிற்று. நடுவில் ஆடுகிற ஒருவன் ஓர் ஆட்டத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறான். அந்த ஓட்டத்துக்கான சர்க்கரைச் சத்து தசைக்குள் திரும்ப நிறைவதற்கு நல்ல சாப்பாடும் ஒரு முழு நாளும் வேண்டும். எங்கள் பையன்களின் தசையில் அது நிறைந்ததே கிடையாது. பாதி டாங்கியோடு வண்டியை எடுத்தால் எந்த ஊரில் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எங்கள் வண்டி அறுபதாவது நிமிடத்தில் நின்றது.

பி.டி. சார் கெட்டவர் அல்லர். தன் கைக்காசில் எங்களுக்கு வாழைப்பழம் வாங்கித் தந்தவர். அவர் கைப்பந்து ஆடி வந்தவர்; தெரிந்ததைச் சொன்னார். ஆனால் "நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று அவரும் கேட்கவில்லை, கல்லூரியில் வேறு யாரும் கேட்கவில்லை. அணியில் ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்து வந்த நானும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இரவில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தோடு ஒருவன் ஆறு மாதம் வாயைத் திறக்காமல் ஆடினான் என்றால் அதற்குப் பெயர் என்ன? வெறி என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

களைத்த கால் எப்படி இருக்கும் என்பதை நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் குதிகால் மேலே எழும்புவது குறையும். செருப்பை இழுத்து நடப்பது போல மண்ணைத் தேய்த்துக்கொண்டு ஓடுவார்கள். செம்மண் திடலில் அது நன்றாகவே தெரியும், பின்னால் புழுதி எழாமல் கோடு விழும். அடுத்தது கண். தெம்பாக இருப்பவன் பந்தையும் பார்ப்பான், தன் ஆளையும் பார்ப்பான். களைத்தவன் பந்தை மட்டும் பார்ப்பான்.

ஐந்தாவது ஆட்டத்தின் இரண்டாவது கோல். நோட்டில் '71' என்று இருக்கிறது. எதிரணி நடுக்கோட்டருகே பந்தை வைத்திருந்தது. எங்கள் தடுப்பு வரிசை ஒன்றாக முன்னேறி, எதிரணி ஃபார்வர்டை வரிசைக்குப் பின்னால், ஆஃப்சைடில் விடவேண்டிய நேரம்; அங்கே நிற்பவனுக்குப் பந்து போனால் அது செல்லாது. கேப்டன் கையை உயர்த்தி "ஏறு" என்றான். மூவர் ஏறினார்கள். சோமனூர்க்காரனும் ஏறத்தான் நினைத்தான். அவன் தோள் முன்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன். கால் வரவில்லை. இரண்டு கஜம் பின்னால் நின்றுவிட்டான். வரிசையில் ஒருவன் பின்னால் நின்றால் போதும், எதிரணியில் அந்த ஃபார்வர்டு மட்டுமல்ல, எல்லோருக்குமே வழி திறந்துவிடும். கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய் அடித்தார்கள். சோமனூர்க்காரன் அங்கேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தூங்குகிறாயா?" என்று யாரோ கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்துதான் அந்தக் குரல் வந்தது.

எங்கள் ஜெர்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கெல்லாம் துணி தைத்து அனுப்புகிற ஊரில் எங்களுக்கு ஜெர்சி வாங்கப் பணம் இல்லை. ஃபார்வர்டு பையனின் அம்மா ஓவர்லாக் டெய்லர். ஏற்றுமதியில் மீந்த துணியை எடை போட்டு வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாறு சட்டைகளைத் தைத்துத் தந்தார். எல்லாம் பச்சை. ஆனால் மூன்று லாட்டில் சாயம் போட்ட துணி. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூன்று பச்சையும் தனித்தனியாகத் தெரியும். தையல் அவ்வளவு நேர்த்தி, இன்றுவரை என் சட்டையில் ஒரு நூல் பிரியவில்லை. ஒரே ஒரு சங்கடம், அது சுத்தப் பருத்தி. விளையாட்டுச் சட்டைக்கு வேர்வையைக் குடிக்காத பாலியெஸ்டர் வேண்டும். எங்கள் சட்டை இடைவேளைக்குள் நனைந்து, இரண்டாம் பாதியில் ஈரச் சாக்குப் போல முதுகில் தொங்கும். இடைவேளையில் எல்லோரும் கழற்றிப் பிழிவோம். அந்த அம்மா ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்திருந்தார். நாங்கள் வரிசையாக நின்று பிழிவதைப் பார்த்துவிட்டு, "அடடா, துணி தப்பாகிவிட்டதே சாமி" என்று கண் கலங்கினார். இல்லை அம்மா, அதைவிட நல்ல சட்டையை நான் அணிந்ததில்லை.

ஏழாவது ஆட்டத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 26. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் திருப்பூரில் தூக்கம் என்பதே கிடையாது. போனஸ் பேச்சு ஒரு பக்கம், அனுப்ப வேண்டிய சரக்கு ஒரு பக்கம். ஆறாவது ஆட்டம் அந்த நேரத்தில்தான் வந்தது; 0-2. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகள் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக்கிடக்கும். மதுரைப் பக்கம், தேனிப் பக்கம், திருச்சிப் பக்கம் என்று வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர் வெறிச்சோடும். பேக்கிங் இல்லை. பாவு வரவில்லை, தறியும் நின்றது. கல்லூரிக்கும் விடுமுறை என்பதால் காலைப் பயிற்சியும் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் பொள்ளாச்சியில் ஆட்டம். எதிரே நின்றது ஆகஸ்டில் எங்களை 1-4 என்று அடித்த அதே அணி. பயிற்சியே இல்லாமல் போகிறோம், இந்த முறை எத்தனை வாங்கப் போகிறோமோ என்று பி.டி. சார் பஸ்ஸில் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். முந்தைய நாள் பெய்த மழையில் திடல் மெத்தையாக இருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. 22ஆவது நிமிடத்தில் ஒரு கார்னரில் கோல் வாங்கினோம். பிறகு அறுபது வந்தது. எழுபது வந்தது. நான் கடிகாரத்தையும் பையன்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய குதிகாலும் தரையை இழுக்கவில்லை. 78ஆவது நிமிடத்தில் திருப்பூர்க்காரன் நடுவில் பந்தைப் பறித்து வலது பக்கம் தள்ள, அங்கிருந்து ஓரத்தோடு ஓடி வந்த வால்பாறைப் பையன், எஸ்டேட் சரிவுகளில் ஆடிப் பழகிய அந்தக் காலால், விழுந்துகொண்டே அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று. 1-1. அந்த வருடம் அறுபதுக்குப் பிறகு நாங்கள் அடித்த ஒரே கோல்.

அதன் பிறகு பத்து நிமிடம் எதிரணி எங்கள் கோல் முன்னாலேயே நின்றது. நான் எழுதுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். விசில் ஊதியதும் யாரும் குதிக்கவில்லை. கேப்டன் ஈரப் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டான். மற்றவர்களும் அவன் பக்கத்தில் போய்ப் படுத்தார்கள். நாங்கள் பஸ் பிடிக்க வேண்டும் என்று நடுவர் வந்து எழுப்பும் வரை அப்படியே கிடந்தார்கள். திரும்பும்போது பி.டி. சார், "இன்றைக்குத்தான் உங்களுக்கு வெறி வந்தது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்கள் ஒரு வாரம் தூங்கியிருந்தார்கள். இது எனக்குப் புரிய எட்டு வருடம் ஆயிற்று.

கம்பெனிகள் திறந்தன. எட்டாவது ஆட்டம் 1-3. அதில் முதல் கோல்கீப்பரின் விரல் முறிந்தது. ஒன்பதாவது ஆட்டத்துக்கு நான் இறங்கினேன்.

அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேறு. விரலில் கட்டோடு அவன் இடது கையால் எழுதியது. எண்கள் கோணல்மாணலாக இருக்கின்றன. 64, 70, 79, 88. நான்கும் நான் வாங்கியவை. வெளியே உட்கார்ந்து பார்த்தபோது தெரியாத ஒன்று உள்ளே நின்றபோது தெரிந்தது. எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு எனக்கு முன்னால் நின்ற நால்வரின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பந்து அந்தப் பக்கம் இருந்தபோதும் கேட்டது. நான்காவது கோல் விழுந்தபின் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துத் திரும்பினால், கேப்டன் நடுக்கோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். 0-4, இரண்டு நிமிடம் மீதி. சீக்கிரம் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டான். கால் மண்ணை இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஓடினான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித் தருகிறேன். வந்ததும் ஒவ்வொருவரிடமும் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பேன். மில் வேலை, கடை வேலை என்று போகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை முதல் அரை மணி நேரம் ஆடவிட்டு, வேப்பமரத்தடியில் படுக்கச் சொல்லிவிடுவேன். சில பெற்றோர்களுக்கு அது பிடிப்பதில்லை.

2019இல் நோட்டில் கணக்குக் கூட்டிய அடுத்த வாரமே சோமனூருக்குப் போனேன். பழைய ஓட்டுக் கட்டடத்தில் அதே தறிகள். அப்பா காலமாகிவிட்டார், இப்போது அவன்தான் ஓட்டுகிறான். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அவன் ஒரு தறியை நிறுத்தினான். மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. நான் நோட்டைக் கொடுத்து, பென்சில் குறிகளைக் காட்டி, காதோரம் குனிந்து கத்திச் சொன்னேன். 71ஆம் நிமிடத்துக் கோலைக் காட்டி, "அது உன் தப்பு இல்லை" என்றேன். அவன் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. பஞ்சு ஒட்டிய விரலால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் ஏழாவது ஆட்டத்தில் நிறுத்தினான். மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை பார்த்தான்.

"இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறதே" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் சுவரில் தொங்கிய பீஸ் கணக்கு அட்டையிலிருந்து பேனாவை எடுத்தான். 78 என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே, தறியின் மரச்சட்டத்தில் நோட்டை வைத்து, மெதுவாக எழுதினான்.

'85. பந்து கோட்டுக்கு வந்துவிட்டது. கீப்பர் கீழே கிடந்தான். இடது காலால் வெளியே அடித்தேன்.'

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுந்திருந்த ஓர் இழையை முடிந்து, தறியைப் போட்டான்.